திருப்பிச் சொல்லுங்கண்ணே

அந்தப் பிள்ளையின் பேரை நான் எழுத மாட்டேன். பேரைப் போட்டுப் போட்டுத்தான் அவளை நாசமாக்கினார்கள். டீவியில் சொன்னார்கள். ஃபேஸ்புக்கில் படத்தோடு போட்டார்கள். அவளை ஒரு நாளும் பார்த்திராதவன் எல்லாம் அந்தப் பேருக்குக் கீழே காறித் துப்பினான். இனி ஒருவன் அதைப் படிக்க வேண்டாம். எங்கள் பக்கம் நம்மைவிடச் சின்னப் பெண்ணைப் பிள்ளை என்றுதான் சொல்வோம். எனக்கு அவள் பிள்ளைதான்.

மலையகத்தில், நோர்வூட்டுக்குக் கீழே டேம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு கம்பெனி விமானம் இறக்கியது. சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவை வைத்த சின்ன விமானம். கொழும்புப் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றி வந்து தண்ணீரில் இறங்கும், ஊர்ந்து ஜெட்டிக்கு வரும். அங்கிருந்து அவர்களைத் தேயிலைத் தோட்டங்களின் பழைய துரை பங்களாக்களுக்குக் கூட்டிப் போவார்கள். பங்களாக்கள் எல்லாம் இப்போது ஹோட்டல்கள். இன்னும் வசதியானவர்களுக்கு அதே கம்பெனியின் ஹெலிகொப்டர். அது மலைக்குப் பின்னால் ஒரு பங்களாவின் புல்வெளியில் இறங்கி ஏறும்.

நான் ஜெட்டியில் படகுக்காரனாக இருந்தேன். விமானம் இறங்கும் முன்னால் தண்ணீரில் கட்டை, வலை, குளிக்கிற ஆள் எதுவும் இல்லாமல் பார்ப்பது என் வேலை. அந்தப் பிள்ளை ஜெட்டியில் ரேடியோ வைத்திருந்தவள்.

ரேடியோ என்றால் கொழும்பு டவர் மாதிரி இல்லை. உத்தரவு போடும் அதிகாரம் அவளுக்குக் கிடையாது. காற்று எந்தப் பக்கம், பனி எவ்வளவு, தண்ணீரில் என்ன இருக்கிறது, பிளேன் எங்கே, ஹெலி எங்கே என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மலைகளுக்கு நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கிற இடம். ஒருவன் கண்ணுக்கு இன்னொருவன் தெரிய மாட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது அவள் குரல் ஒன்றுதான்.

அவள் வேலைக்கு வந்த முதல் வாரம் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, பிளேன் டேம் கட்டுப் பக்கமிருந்து வருது. நீங்க கோயில் கரையில ஒதுங்கி எஞ்சின அமத்திட்டு நில்லுங்க."

நான் சரி என்றேன்.

"சரின்னா என்னாண்ணே?"

"சரின்னா சரிதான்."

"நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் பிறக்கும் முன்னாலேயே அந்தத் தண்ணீரில் படகு விட்டவன் நான். என்னைச் செவிடன் என்று நினைத்தாயா என்று கேட்டேன்.

"இல்லண்ணே. நீங்க செவிடா, நான் ஊமையா, எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே தெரியும்."

சொல்லித் தொலைத்தேன். டேம் கட்டுப் பக்கம் ஒதுங்கி எஞ்சினை அமத்துகிறேன் என்றேன். அதாவது விமானம் வருகிற பாதையிலேயே போய் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை, திட்டவில்லை. முதலில் சொன்ன மாதிரியே அமைதியாக மறுபடி சொன்னாள். நான் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை சரியாக இருந்தது. "இப்ப போங்க" என்றாள்.

அவ்வளவுதான் அந்தப் பிள்ளை. ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். மெலிந்த உடம்பு, கம்பெனி கொடுத்த தொப்பி தலைக்குப் பெரிது, குளிருக்குக் காதை மூடி ஒரு துணி கட்டியிருப்பாள், ஆனால் ரேடியோ பிடிக்கிற பக்கத்துக் காதை மட்டும் வெளியே விட்டிருப்பாள். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்து ஏ.எல். வரை படித்தவள். கொழும்பில் ஏதோ பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயிற்சியில் மற்றவர்கள் என்ன படித்தார்களோ தெரியாது, இவள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். சொன்னவர் சொன்னதாலே வேலை முடியாது, கேட்டவர் திருப்பிச் சொல்லும்போதுதான் முடியும்.

ஜெட்டிக்கு மேலே ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அவரையும் விடவில்லை. பால் விடாத பிளேன் டீ இரண்டு, ஒன்றுக்குச் சீனி வேண்டாம் என்பாள், அவர் தலையாட்டுவார், இவள் போகாமல் நிற்பாள். "நான் ஒப்பிச்சு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிரும் மிஸ்" என்பார் அவர். ஒப்பித்த பிறகுதான் நகருவாள். அவர்தான் அவளுக்கு ரேடியோ மிஸ் என்று பேர் வைத்தது. பிறகு எல்லோருக்கும் ரேடியோ மிஸ் ஆகிவிட்டாள்.

நான் ஒருநாள் கேலி செய்தேன். உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம், தாலி கட்டும்போதும் திருப்பிச் சொல்லு திருப்பிச் சொல்லு என்று அவனைப் பிடுங்குவாய் என்றேன். அவர்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கம். "எங்க சர்ச்சில அப்படித்தாண்ணே" என்றாள். "ஃபாதர் சொல்லச் சொல்ல மாப்பிள்ள திருப்பிச் சொல்லணும். சொல்லாட்டி கல்யாணம் செல்லாது. ஒங்க ஆளுங்கதான் மேளத்தப் போட்டு அடிச்சு யாருக்கும் ஒண்ணும் கேக்காமப் பண்ணிர்றீங்க." டீக்கடைக்காரர் சிரித்ததில் புரையேறிவிட்டது.

என் மகளுக்கு மூச்சிழுப்பு. ஒரு தடவை ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு பம்பைக் கொடுத்து, எப்படி இழுப்பது, எப்போது கொடுப்பது, எப்போது கூட்டி வர வேண்டும் என்று சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு சரிங்க டொக்டர், சரிங்க டொக்டர் என்றேன். வெளியே வந்தால் ஒன்றும் மண்டையில் இல்லை. அடுத்த நாள் ஜெட்டியில் அந்தப் பிள்ளை, டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டது. முழித்தேன். அன்றைக்குத்தான் அவள் கோபப்பட்டுப் பார்த்தேன்.

"வெளங்காட்டி ஏண்ணே சரின்னு சொன்னீங்க?"

பெரிய மனிதர் பேசும்போது எப்படித் திருப்பிக் கேட்பது என்றேன்.

"மூச்சு முட்டப் போறது அவருக்கில்ல, ஒங்க மகளுக்கு. போங்க. போய் அவரு முன்னால நின்னு, அவரு சொன்னதத் திருப்பிச் சொல்லிட்டு வாங்க."

போனேன். டொக்டர் முகத்தைச் சுளித்தார், ஆனால் கேட்டார். நான் சொன்னதில் பாதி தப்பு. திருத்தினார். அதற்குப் பிறகு ஒரு நாளும் என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. இதை அந்தப் பேருக்குக் கீழே காறித் துப்பினவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

ரேடியோவில் ஒரு பழக்கம் இருந்தது. பேசச் சோம்பலாக இருந்தால், அல்லது கை நிறைய வேலை இருந்தால், விமானி வாயைத் திறக்காமல் பொத்தானை மட்டும் இரண்டு தடவை அழுத்துவான். இந்தப் பக்கம் டக் டக் என்று விழும். கேட்டாச்சு, சரி, விடு என்று அர்த்தம். எல்லோரும் செய்வதுதான். இவளுக்கு அது அறவே பிடிக்காது.

"டக்குக்கு மூஞ்சி கிடையாதுண்ணே" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "ஒரே லைன்ல ரெண்டு பேரு இருக்காங்க. அடிச்சது யாருன்னு எப்படித் தெரியும்?"

விமானத்தை ஓட்டியது ஒரு சிங்களப் பையன், நல்ல பிள்ளை. சின்னக் கேப்டன் என்போம். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் தமிழில் "சரியா மிஸ்?" என்று கேட்பான். இவள் முகம் மலரும். ஹெலியை ஓட்டியவர் வேறு ஆள், பெரிய கேப்டன். வயதானவர், பெரிய இடங்களில் பறந்துவிட்டு ஓய்வுக்குப் பிறகு கம்பெனிக்கு வந்தவர். அவருக்கு டக் டக்தான். அவள் விட மாட்டாள். தயவுசெய்து திருப்பிச் சொல்லுங்கள் என்பாள். மறுபடி டக் டக். மறுபடி கேட்பாள். கடைசியில் கடித்துத் துப்புகிற மாதிரி சொல்வார். ஒருநாள் அவர் ஏற்றிவந்த விருந்தாளிகள் காதுக் கருவி மாட்டியிருந்தார்கள். இதைக் கேட்டுவிட்டு, உங்கள் டீச்சரா என்று அவரைக் கேட்டுச் சிரித்தார்களாம். அதிலிருந்துதான் எல்லாம் பிடித்தது.

இந்த இடத்தில் அவள் அம்மா சொன்ன கதையைச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்கு நான் ஒரு நத்தார் பண்டிகைக்குப் போயிருந்தேன். லயத்தில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்து எடுத்துக் காலில் நரம்பு சுருண்டு, வீட்டோடு இருந்தார். மகள் என்னைப் படுத்தும் பாட்டை நான் சொல்லிச் சிரித்தபோது அந்த அம்மா சிரிக்கவில்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்பார்கள், வேலை பிரிக்கிற கண்டாக்கு நின்று இன்றைக்கு யார் யார் எந்த மலைக்கு என்று சொல்வார், எல்லோரும் சரிங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நூறு வருஷப் பழக்கம். கண்டாக்கு சொன்னதை அவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்லக் கூடாது. சொன்னால் கேலி செய்கிறோம், இல்லையென்றால் எதிர்த்துப் பேசுகிறோம். விளங்காவிட்டால் போகிற வழியில் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு காலையில் மழை இரைச்சலில் சரியாகக் கேட்காமல் இந்த அம்மா, "ஏழாம் நம்பர் மலை, மேல் வரிசைங்களாங்க?" என்று கேட்டுவிட்டார். என்னடி, எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டு, அன்றைக்கு வேலை இல்லை என்று நிறுத்தி, எல்லோரும் போகும்வரை களத்தின் நடுவில் மழையிலே நிற்க வைத்தாராம் கண்டாக்கு. பள்ளிக்கூடம் போகிற வழியில் மகள் அதைப் பார்த்தாளாம்.

"அதுக்கப்புறம் நான் யாரையும் ஒண்ணும் கேட்டதில்ல தம்பி" என்றார் அந்த அம்மா. "இவ என்னடான்னா ஊர்ல எல்லாத்தையும் கேக்குறா."

அந்தக் கண்டாக்கின் மகன்தான் ஜெட்டியில் எங்களுக்கு மெனேஜர்.

வேறு சாதி, வேறு மொழி என்று யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை. எங்கள் ஆள்தான். எங்கள் தமிழ்தான் பேசுவான். ஹட்டனில் படித்து, கொழும்பில் ஹோட்டல் வேலை பார்த்து, டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தவன். கெட்டவன் என்றும் சொல்ல மாட்டேன். மேலே இருக்கிறவர்களுக்குச் சரி சொல்லிச் சொல்லி வளர்ந்தவன், கீழே இருக்கிறவர்களிடம் அதை எதிர்பார்த்தான். பெரிய கேப்டன் அவனிடம் கத்தியிருக்கிறார். அவன் சரி சார் சொல்லிவிட்டு நேரே ஜெட்டிக்கு வந்தான். நான் கீழே படகின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"இங்க பாரு பிள்ள. அவங்கல்லாம் ஒன் வயசுக்கு மேல பறந்தவங்க. ஒரு தடவ சொல்லு. டக்குன்னு அடிச்சாங்கன்னா கேட்டுட்டாங்கன்னு அர்த்தம். திருப்பித் திருப்பிக் கேக்காத. கெஸ்ட் முன்னால மானம் போகுது. வெளங்குச்சா?"

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ஏன் கழற்றினாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

"சரிங்க சார்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த வாயில் அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

பிறகு ஜெட்டி அமைதியாகிவிட்டது. டீக்கடைக்காரர் தானாகவே ஒப்பிக்க ஆரம்பித்தார், அவள் போதும் என்று கையைக் காட்டினாள். சின்னக் கேப்டன் மட்டும் பழையபடி முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹெலிக்காரரின் டக் டக் வந்தால் அவள் ரேடியோவை வாய்வரைக்கும் கொண்டுபோவாள். பிறகு இறக்கிவிடுவாள்.

அந்தக் காலை பனி இறங்கியிருந்தது. டேம் கட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. விமானம் அநேகமாக நோர்வூட் பக்கமிருந்துதான் வரும். அன்றைக்கு அந்தப் பக்கம் அடைத்துவிட்டதால் டேம் கட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு ஹெலி நிற்கிற பங்களாவின் மலைக்கு மேலாக வந்து இறங்குகிறேன் என்று சின்னக் கேப்டன் சொன்னான். நான் படகில் கோயில் கரையில் இருந்தேன். என்னிடமும் ஒரு சின்ன ரேடியோ உண்டு, கேட்பதற்கு மட்டும். அவள் ஹெலிக்குச் சொன்னாள்: பிளேன் பக்கம் மாற்றிவிட்டது, உங்கள் மலைக்கு மேலே தாழ்வாக வருகிறது, தண்ணீரில் இறங்கும்வரை கிளம்ப வேண்டாம்.

டக் டக் என்று விழுந்தது.

ஜெட்டியைப் பார்த்தேன். மெனேஜர் இரண்டு விருந்தாளிகளோடு அவள் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் ரேடியோவைத் தூக்கினாள். வாய்க்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். மெனேஜர் அவளைப் பார்த்தான். பார்த்தான், அவ்வளவுதான். அவள் இறக்கினாள்.

ஹெலி மலைக்குப் பின்னால் தரையில் நின்றிருந்தது. அவள் சொன்ன எதுவும் அங்கே போய்ச் சேரவே இல்லை. பறக்கும்போது கேட்கும், தரையில் நின்றால் நடுவில் மலை. பெரிய கேப்டன், ஒன்றும் கேட்கவில்லையே, வழக்கம்போல பிளேன் நோர்வூட் பக்கம்தான் வரும் என்று கிளம்பிவிட்டார். டக் டக் அடித்தது சின்னக் கேப்டன். அவள் ஹெலிக்குச் சொன்னதைக் கேட்டு, நானும் கேட்டேன், நன்றி மிஸ் என்கிற மாதிரி அடித்திருக்கிறான். பனியில் மலையை ஒட்டித் திருப்பிக்கொண்டிருந்தவனுக்கு வாயைத் திறக்க நேரமில்லை.

மலை விளிம்பிலிருந்து ஹெலி எழும்பியதும், விமானம் பனியை விட்டு வெளியே வந்ததும் ஒரே இடத்தில். இரண்டும் முட்டவில்லை. சின்னக் கேப்டன் ஒடித்துத் திருப்பினான். திருப்பினதில் ஒரு பக்க இறக்கை தண்ணீரில் பட்டது. பட்டதும் விமானம் அப்படியே கரணம் போட்டுக் கவிழ்ந்தது.

எஞ்சினைப் போட்டுக்கொண்டு போனேன். சின்னக் கேப்டனும் ஒரு வெள்ளைக்கார ஐயாவும் மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஐயாவின் மனைவி உள்ளே. தலை நரைத்த அம்மா. நான் இறங்கி இழுத்தேன். பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே எடுத்துப் படகில் கிடத்தியபோது ஒன்றும் இல்லை. அந்த ஐயா ஜெட்டியில் ஒரு கால் சப்பாத்தோடு உட்கார்ந்து, மனைவியின் ஈரத் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளை ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நின்றது. ரேடியோவில் பெரிய கேப்டன் கத்திக்கொண்டிருந்தார். பதில் சொல்ல ஆளில்லை.

கொழும்பில் விசாரணை. எல்லோரையும் கூப்பிட்டார்கள். மெனேஜர், சுருக்கமாகப் பேசச் சொன்னேன், திருப்பிக் கேட்கக் கூடாது என்று சொன்னதாக ஞாபகமில்லை என்றான். நான் கேட்டதைச் சொன்னேன். உனக்கு ரேடியோ வேலையில் பயிற்சி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தமிழில் சொன்னதற்கு எதற்கு ஐயா பயிற்சி என்றும் கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். சின்னக் கேப்டன் கழுத்தில் பட்டி கட்டியபடி வந்தான். "அந்த டக் டக் என்னுடையது" என்றான். அழுதுகொண்டே சொன்னான். அதோடு அவர்கள் கேட்காத ஒன்றையும் சொன்னான்: அவள் எப்போதும் திருப்பிக் கேட்பாள், அன்றைக்குக் கேட்கவில்லை. அவள் நல்லவள் என்று காட்டத்தான் சொன்னான். எழுதிக்கொண்டவர்களுக்குப் பின்பாதி போதுமாக இருந்தது.

அவளிடம் கேட்டார்கள். ஹெலிக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்தாயா? இல்லை என்றாள். செய்ய வேண்டும் என்று தெரியுமா? தெரியும் என்றாள். மெனேஜர் தடுத்தாரா? "அவரு சொன்னாரு. நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

ஜெட்டிப் பணியாளர் செய்தியை உறுதிப்படுத்தவில்லை என்று முடித்தார்கள். அதில் ஒரு பொய் கிடையாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் சண்டை போடலாம். அவள் தினமும் செய்ததைச் செய்யாதே என்று வாயை அடைத்தார்கள், பிறகு ஏன் செய்யவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நடுவில் இருந்த ஒரே ஒரு பேச்சு எழுத்தில் எங்கேயும் இல்லை, காற்றோடு போய்விட்டது.

திரும்பி வரும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மெனேஜரை நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"நான் அவருகிட்ட திருப்பிச் சொல்லியிருக்கணும்ணே."

"எத?"

"அவரு சொன்னதத்தான். 'கேப்டன் கேட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாட்டியும் நான் திருப்பிக் கேக்கக் கூடாது. அப்படித்தானே சார்?'ன்னு. ஆமான்னு அவரு வாயால சொல்ல வச்சிருக்கணும். சொல்லியிருக்க மாட்டாருண்ணே. காதால கேட்டா பயந்திருப்பாரு."

கேட்டிருந்தால் அன்றைக்கே வேலையைவிட்டுத் தூக்கியிருப்பான் என்றேன்.

"தூக்கட்டும். இப்பவும் வேலை இல்லதானே. அந்த வெள்ளைக்கார அம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவளே பேசினாள்.

"வெள்ளைக்காரன்கிட்ட கேட்டேன். கேப்டன்கிட்ட கேட்டேன். ஒங்கள டொக்டர்கிட்டயே அனுப்பினேன். அவரு முன்னால நின்னப்ப மட்டும் என் வாயில எங்கம்மா வந்துட்டாங்கண்ணே."

வட்டவளை தாண்டிய பிறகு, அந்த வெள்ளைக்கார அம்மாவின் கண் திறந்திருந்ததா என்று கேட்டாள். மூடியிருந்தது என்றேன். பிறகும் பல தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மூடியிருந்தது என்றுதான் சொன்னேன். இனி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நானும் வேலையை விட்டு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன். விமானம் கொஞ்ச காலம் நின்று, பிறகு வர ஆரம்பித்தது. ஜெட்டியில் இப்போது ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்வது கட்டாயம், பொத்தான் சத்தத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. அதைத் திறந்துவைத்தது அதே மெனேஜர். டீக்கடைக்காரர் எனக்குச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளைக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. போகிற இடமெல்லாம் பேரைக் கேட்டார்கள், பேரைச் சொன்னதும் முகத்தைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு வயதாகிப் போனது. லயத்துக் காம்பரா வேண்டுமென்றால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும். பதிந்தாள்.

போன மாதம் ஒரு காலையில் வாடகைக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது பெரட்டுக் களத்தில் ஆட்கள் நின்றார்கள். ஓரமாக நிறுத்தினேன். கண்டாக்கு இப்போது வேறு ஆள், இளம் பையன். கையில் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: ஒன்பதாம் நம்பர் மலை, மேல் பாதையாகப் போங்கள், கீழே மருந்து அடித்திருக்கிறது.

"சரிங்க" என்றார்கள் பெண்கள் எல்லோரும். அத்தனை குரலிலும் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. எவ்வளவு காலம் காதில் கேட்ட குரல்.

அவன் போன பிறகு இறங்கிப் போய்ப் பேசினேன். செடியின் ஈரம் படாமல் இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக் கயிற்றோடு நின்றாள். காது இரண்டையும் மூடித் துணி கட்டியிருந்தாள். அம்மாவின் காலைக் காட்ட ஹட்டனுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று முன்னால் பேசியிருந்தோம். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வாரேன்" என்றேன். "சர்ச்சுக்கு முன்னால வேணாம், ஏத்தம். கீழ பாலத்துக்கிட்ட அம்மாவோட நில்லு."

"சரிண்ணே" என்றாள். திரும்பினாள்.

நான் நகரவில்லை. இப்போது திரும்பிப் பார்ப்பாள், நீங்க சொன்னது சர்ச்சா பாலமா, திருப்பிச் சொல்லுங்கண்ணே என்பாள் என்று நின்றேன். டேம் பக்கமிருந்து விமானச் சத்தம் வந்தது. மற்றப் பெண்கள் நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை, நடந்தாள்.

"ஞாயித்துக்கெழம" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். "பூசை முடிஞ்சதும். கீழ பாலத்துக்கிட்ட. அம்மாவோட."

அவள் கயிற்றை இழுத்துச் சரி செய்துகொண்டு மேல் பாதையில் ஏறினாள். கேட்டதா, கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது.